ஆணியில் தொங்கிய கையுறை

ஷாஜிங்
12 அக்டோபர் 2023

அக்காவுக்கு,

கைபேசியில் என் பெயரை அடைத்துவிட்டாய். அழைத்தால் மணி அடிப்பதில்லை. செய்தி அனுப்பினால் சிவப்பு ஆச்சரியக்குறியோடு திரும்பி வருகிறது. அதனால்தான் இந்தப் பெட்டிக்குள் காகிதம் வைத்து அனுப்புகிறேன். திரும்பி வரும் சரக்கை நீ வேறு யாரையும் திறக்க விடுவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

உள்ளே இருப்பவை இங்கிலாந்திலிருந்து, லீட்ஸ் கடைக்காரர் ஹோல்ராய்ட் திருப்பி அனுப்பியவை. எல்லாமே விரிசல். கையில் எடுக்கும்போது துணி வைத்துக்கொள்.

விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடி வளையம் இது. எங்கோ ஒருவன் மின்புகை இழுக்கும் வேப் கருவியைக் கீழே போடுகிறான், எண்ணெய் இருக்கும் டேங்க்கின் கண்ணாடி மட்டும் உடைகிறது, நம்முடையதை வாங்கி மாட்டிக்கொள்கிறான். இதற்காக நம் வீட்டில் இவ்வளவு சண்டை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் நடந்ததைப் பார். மாட்டும்போது சரியாக உட்காருகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து, யாரும் தொடாமலே, மேலிருந்து கீழாகக் கோடு விடுகிறது. ஒருவருடைய கோட்டுப் பை முழுக்க எண்ணெய். ஒரு பெண்ணுக்கு விரலில் தையல் போட்டிருக்கிறார்கள். ஹோல்ராய்டுக்கு ஒன்பது கடைகள். இங்கே ஷாஜிங்கில் எல்லாரும் இழுத்துவிட்டுத் தூக்கிப் போடும் கருவிக்கு மாறிவிட்டார்கள். மாற்றுக் கண்ணாடியைப் பெட்டி பெட்டியாக வாங்குகிற ஆள் எனக்கு இப்போது அவர் ஒருவர்தான். அவர் போனால் என் மேசையில் வேலை இல்லை, உன் பட்டறையில் கண்ணாடி உருக்கும் ஆறு தீமுனைகளுக்கும் வேலை இல்லை.

செப்டம்பரில் நான் வந்தபோது நடந்ததைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கே கெட்டது என்று ஹோல்ராய்ட் கைபேசியில் கேட்டுக்கொண்டே வந்தார். நான் பட்டறையைக் காட்டிக்கொண்டே நடந்தேன். தானாக வெடிக்கும் கண்ணாடி என்றால் சரியாக ஆறாத கண்ணாடி என்று நாம் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளரவில்லையா? அதைத்தான் சொன்னேன். ஆற்றும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அத்தானை அவமானப்படுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை.

அவரைத் திரும்ப வரச் சொல். நீ புதிதாக வைத்திருக்கும் ஆள் சூட்டைக் கூட்டிவிட்டான் போலிருக்கிறது. போன வாரம் வந்தவை வட்டமாகவே இல்லை, முட்டை மாதிரி இருக்கின்றன.

தம்பி,
மிங்ஷான்


ஹெஜியான்
19 அக்டோபர் 2023

மிங்ஷானுக்கு,

பெட்டி வந்தது. துணி வைத்தே எடுத்தேன். நீ சொல்லித்தான் எனக்கு அது தெரிய வேண்டும் என்றில்லை.

நீ அன்று ஆங்கிலத்தில் பேசினாய். உன் அத்தானுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. விரல் புரிந்தது. அடுப்புக்கு முன்னால் நின்று, ஒரு கையில் கைபேசியில் அந்த வெள்ளைக்காரர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி என் புருஷனைக் காட்டினாய். பட்டறையில் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அடுப்புக் கதவைச் சாத்தினார், கையுறையைக் கழற்றினார், பக்கத்து ஆணியில் மாட்டினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ சாப்பிடாமல் ரயிலைப் பிடித்தாய். உனக்காக வைத்த நூடுல்ஸை நாய்க்குப் போட்டேன்.

இப்போது அவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் தன் சித்தப்பா மகன் கடையில் ரொட்டி சுடுகிறார். ரொட்டிக்குள் கழுதைக்கறி வைத்துக் கொடுக்கும் அதே கடைதான். நீயும் தின்றிருக்கிறாய்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு அடுப்புச் சரக்கிலும் கொஞ்சம் எடுத்துத் தேதி ஒட்டி ஜாடியில் போட்டு வைப்பது அவர் வழக்கம். நீ குறை சொல்கிற ஆகஸ்ட் சரக்கும் ஜாடியில் இருக்கிறது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. டேங்க்கில் மாட்டியும் வைத்துப் பார்த்தேன்.

"நல்லதா பொறுக்கி வச்சிருப்பீங்க" என்று நீ சொல்வாய். அதனால் இத்துடன் இரண்டு கறுப்பு ஃபிலிம் அனுப்புகிறேன். விளக்குக்கு முன்னால் ஒன்றைப் பிடி, மற்றதைக் குறுக்காகத் திருப்பி இருட்டாக்கு, நடுவில் கண்ணாடியை வை. உள்ளே இறுக்கம் இருந்தால் வானவில் மாதிரி நிறம் தெரியும். நன்றாக ஆறியிருந்தால் இருட்டாகவே இருக்கும். உன் கிடங்கில் இருப்பதை உன் கண்ணால் பார்.

புது ஆளை நிறுத்திவிட்டேன். முட்டையைப் பற்றி நீ சொன்னது சரிதான்.

குய்லிங்


ஷாஜிங்
27 அக்டோபர் 2023

அக்காவுக்கு,

பார்த்தேன். திறந்த பெட்டியில் இருந்தவை, திறக்காத பெட்டியில் இருந்தவை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருட்டு. வேறு பட்டறையில் வாங்கிய மலிவுச் சரக்கு ஒன்றை வைத்தேன். சேவல் வால் மாதிரி நிறம் நிறமாக எரிந்தது. என் மேசையைப் பார்த்துக்கொள்ளும் லுவோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மிளகாய்க்குப் பேர்போன ஹுனான்காரி, அதைத் தின்னாமலே காரமாகப் பேசுவாள்.

"அப்ப அந்த ஊர் அடுப்புக்காரர் மேல தப்பில்லையே, முதலாளி" என்றாள்.

"இதுல தப்பு தெரியல. அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்று இல்லை என்று விளக்கினேன். அவள் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, அடுப்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வழியில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும். கப்பலில் குலுங்கியிருக்கலாம், குளிர் பட்டிருக்கலாம். என் மேசையில் நடக்க வழியே இல்லை. இந்தத் தெருவில் யாரும் கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்புவதில்லை; பத்துக்கு ஒன்று எடுத்துப் பார்ப்பார்கள். நான் ஒன்றுவிடாமல் பார்க்க வைக்கிறேன்.

ஹோல்ராய்டிடம் இப்போது எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. வசந்த காலத்துக்கான ஆர்டரை ஆண்டுக் கடைசியில் முடிவு செய்கிறார். காரணம் தெரிந்துவிட்டது, அவர் கேட்டபடியே ஆளை மாற்றுகிறோம் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. இப்போது போய், காரணம் தெரியவில்லை என்றால் என்ன நினைப்பார்?

அத்தான் எப்படி இருக்கிறார்?

மிங்ஷான்


ஹெஜியான்
5 நவம்பர் 2023

மிங்ஷானுக்கு,

எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். நேற்று கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் மாதிரி வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"கறி கூட வைக்கவா, பச்சை மிளகாயா?" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

"வீட்டுப் பட்டறைக்கு ஆள் வேணும்."

"அது இந்தக் கடைல விக்கறதில்ல."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். கூட்டம் குறைந்ததும் தோளில் துண்டோடு வந்தார். ஃபிலிமில் பார்த்ததில் உன் சரக்கு இருட்டாகத்தான் இருந்தது என்று சொன்னேன்.

"எனக்குத் தெரிஞ்சதுதானே" என்றார். "அவனுக்குத் தெரிஞ்சா போதுமா? அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலையாம்."

"அப்ப எனக்கு இங்கயே வேலை இருக்கு. ரொட்டி அடுப்பு முன்னால வந்து எவனும் விரல் நீட்டறதில்ல. பசிச்சா வர்றான், தின்னுட்டுப் போறான்."

வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். பட்டறைக் கதவைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதுவரை அவர் எங்கிருந்தும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததில்லை. அடுப்பில் அன்று பாதி ஆறிய சரக்கு இருந்தது. அதைப் பற்றி ஒரு முறை தூக்கத்தில் பேசினார்.

கப்பலையும் குளிரையும் விடு. குளிர் பட்டால் ஒரு பெட்டி மொத்தமாகக் கெடும். நீ திருப்பி அனுப்பியதை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லா விரிசலும் உள்பக்கம், வாயோரத்தில் தொடங்குகிறது. வெளியிலிருந்து அடிபட்டது ஒன்றுகூட இல்லை. உள்ளே ஏதோ பட்டிருக்கிறது.

பெட்டியைத் திறப்பதிலிருந்து மூடுவதுவரை கண்ணாடியை என்னென்ன தொடுகிறது என்று எழுது. கையா, துணியா, எதுவானாலும். விட்டுவிடாமல் எழுது. எனக்குத் தெரியும் என்று நீ நினைப்பதையும் எழுது.

ஜூலையில் போன சரக்கைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது வேண்டாம். முட்டைக்கோஸ் வண்டி வாசலில் நிற்கிறது.

குய்லிங்


ஷாஜிங்
14 நவம்பர் 2023

அக்காவுக்கு,

போலீஸ் விசாரணை மாதிரி கேட்கிறாய். பரவாயில்லை. நேற்று லுவோ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரிக்கிறார்கள். காகிதத்தை எடுக்கிறார்கள். எல்லாரும் வெள்ளைத் துணிக் கையுறை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் மென்துணியால் துடைக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துக் குமிழி இருக்கிறதா, விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து அளவு. அதன் பிறகு இரண்டு ரப்பர் வளையத்தோடு சின்னப் பையில் போட்டு, பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்குகிறார்கள்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நானே கொண்டுவந்த ஏற்பாடு. ஜூலையில் நீ அனுப்பிய சரக்கில் சிலவற்றுக்கு வாய் இறுகியிருந்தது. டேங்க்கின் மேல்மூடி உள்ளே போகவில்லை என்று ஹோல்ராய்ட் படம் எடுத்து அனுப்பினார். உன்னிடம் சொன்னேன், "பாக்கறேன்" என்றாய். அடுத்த சரக்கு சரியாகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு முறை கேட்டது போதும் என்று, ஆகஸ்ட் தொடக்கத்தில் இரும்பு அச்சு செய்பவர்கள் தெருவில் சொல்லி ஓர் அளவு உருளை கடைந்து வாங்கினேன். கடினமாக்கிய எஃகு, முடியளவுகூடப் பிசகாது. கைப்பிடி வைத்தது. ஒவ்வொரு கண்ணாடியையும் அதில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கிறார்கள். போனால் நல்லது, இறுகினால் கழிவு. ஹோல்ராய்டுக்கு அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். இந்த மாதிரி அக்கறை எங்கேயும் பார்த்ததில்லை என்று எழுதினார்.

இவ்வளவுதான். இதில் என்ன குறை கண்டுபிடிக்கப்போகிறாய்?

இங்கே சிப்பி காயப்போடத் தொடங்கிவிட்டார்கள், தெருவெல்லாம் வாடை. அத்தானுக்குப் பிடிக்குமே என்று ஒரு கட்டு வாங்கினேன். அனுப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மிங்ஷான்


ஹெஜியான்
21 நவம்பர் 2023

மிங்ஷானுக்கு,

உன் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போய், அடுப்புப் பக்கத்தில் நின்று அவருக்குப் படித்துக் காட்டினேன். கையுறை, துணி, வெளிச்சம் வரைக்கும் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே கேட்டார். உருளைக்கு வந்ததும் இடுக்கி நின்றுவிட்டது.

"இரும்பா?"

"இரும்புதான். கடினமாக்கினதாம். பெருமையா எழுதியிருக்கான்."

"உள்ளயா?"

"உள்ளதான். மாட்டி ஒரு சுத்து சுத்தறாங்களாம்."

"அண்ணே, ரொட்டி கருகுது!" என்று கடை வைத்திருக்கும் தம்பிக்காரர் கத்தினார். நான்கு ரொட்டி கரியாகிவிட்டது. சுடத் தொடங்கியதிலிருந்து அவர் ஒன்றுகூடக் கருக்கியதில்லையாம்.

"இவன் எந்த ஊர்ல பொறந்தான்?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, அடுப்பிடம்.

நம் தெருவில் குழாய்க்குள் இரும்பை விட்ட பிள்ளை அறை வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லை. வாயளவு பார்க்க மூங்கில், மூங்கில் கிடைக்காவிட்டால் காகிதம் சுற்றிய மரக்குச்சி. உன் உருளை இன்று கீறாவிட்டாலும், அதில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தூள் நாளைக்குக் கீறும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். ரப்பர் வளையம் உள்ளிருந்து நெருக்கும், கருவியின் கம்பிச்சுருள் சூடாகும், எண்ணெய் நனைக்கும், இரண்டு நாளில் கோடு விடும். பதினாறு வயதில் தெற்கே போன உனக்கு இது மறந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை.

நான் சொல்வதை நம்பாதே. திறக்காத பெட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, உருளை காட்டாமல் டேங்க்கில் மாட்டு. உருளை பார்த்தவற்றையும் அதே அளவு மாட்டு. ஒரே அலமாரியில் வைத்துக் காத்திரு.

இப்போது ஜூலை. வெயில் தாங்கவில்லை. வாயோரத்தைத் தீயில் உருக்கி மழமழப்பாக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வெளியே போகலாம் என்று தீயைக் கூட்டினேன். ஓரம் அதிகமாக உருகி உள்பக்கம் மடிந்துகொண்டது. அவர் அன்றே சொன்னார், "தீ அதிகம், குய்லிங்" என்று. "உங்க அடுப்ப நீங்க பாருங்க" என்றேன். அந்த மடிப்பால்தான் உனக்குப் புகார் வந்தது, புகாரால்தான் நீ உருளை வாங்கினாய். செப்டம்பரில் நீ விரல் நீட்டியபோது, ஜூலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இதையும் நேற்று அவரிடம் சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

சிப்பியை அனுப்பு. அது பாட்டுக்கு அலமாரியில் கெட்டுப்போகும்.

குய்லிங்


ஷாஜிங்
4 டிசம்பர் 2023

அக்காவுக்கு,

மாட்டி வைத்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று உனக்குப் பதில் எழுதலாம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலமாரிப் பக்கம் 'டிக்' என்றது. லுவோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. வார முடிவில் உருளை பார்த்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. உருளை பார்க்காதது எல்லாம் அப்படியே இருக்கிறது.

"முதலாளி, நம்ம கையாலதான் உடைச்சிருக்கோம்" என்றாள்.

"கத்தாத."

"கத்தலையே. எண்ணிட்டிருக்கேன்."

லென்ஸில் பார்த்தேன். உள்ளே வாயோரத்தில் தலைமுடி மாதிரி ஒரு சுற்று. கவனமாகத் திருப்பிய ஒவ்வொரு கண்ணாடியிலும் அந்தச் சுற்று இருக்கிறது. அவசரமாகத் திருப்பியவற்றில் குறைவாக இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

நான் யோசித்ததைச் சொல்கிறேன், முழுதும் படித்துவிட்டுத் திட்டு. உருளையை நிறுத்திவிட்டேன். இனிமேல் அனுப்பும் சரக்கு வெடிக்காது. ஹோல்ராய்டிடம் ஆளை மாற்றிவிட்டோம், சரியாகிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் அவர் வசந்த ஆர்டரில் கையெழுத்துப் போடுவார். லீட்ஸில் யாருக்கும் அத்தானைத் தெரியாது. அவர் பெயரைக்கூட நான் சொல்லவில்லை. அத்தானிடம் நானே வந்து, தலை குனிந்து, தப்பு என்னுடையது என்று சொல்கிறேன். எல்லாருக்கும் வேலை இருக்கும்.

நான் அக்கறை என்று படம் எடுத்து அனுப்பியதே உடைத்த வேலைதான் என்று அவரிடம் சொன்னால், அவர் போய்விடுவார். எனக்கு அந்த விரலில் தையல் போட்ட பெண் ஞாபகம் வருகிறாள். அவளிடம் என்ன சொல்வார்கள்?

நீ சரி என்றால் இப்படிச் செய்கிறேன்.

மிங்ஷான்


ஹெஜியான்
11 டிசம்பர் 2023

மிங்ஷானுக்கு,

திட்டப்போவதில்லை.

உன் கடிதத்தில் முதல் பாதியை அவருக்குப் படித்தேன். அலமாரியில் எது வெடித்தது, எது வெடிக்கவில்லை என்பதுவரை. "ம்" என்றார். மீதியைப் படிக்கவில்லை. மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

லீட்ஸில் அவரை யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். இங்கே ஐந்து பேர் பார்த்தார்கள், ஊருக்கே தெரியும். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, நீ நீட்டிய விரல்தான் தெரியும். நீ தனியாக வந்து தலை குனிந்தால் அவர் உன்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, சாப்பிடச் சொல்லிவிட்டு, மறுநாள் ரொட்டிக் கடைக்குப் போவார். எனக்கு அவரைத் தெரியும்.

எரிவாயு ஒப்பந்தத்தை மாதக் கடைசிக்குள் புதுப்பிக்க வேண்டும். அவர் இல்லாமல் நான் போடமாட்டேன். உன்னை மிரட்டுவதற்காக எழுதவில்லை. அடுப்பு ஆற்றாத கண்ணாடியை நான் யாருக்கும் அனுப்பமாட்டேன், வேறு ஆளும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

என் ஜூலைத் தீயையும் சேர்த்து அந்த வெள்ளைக்காரரிடம் சொல்வதானால் சொல். என் பெயரைப் போட்டே சொல். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்.

எதைச் செய்வது என்று என்னைக் கேட்காதே. விரல் உன்னுடையது.

குய்லிங்


ஷாஜிங்
23 டிசம்பர் 2023

அக்காவுக்கு,

நேற்று அழைத்தேன். லுவோவைக் கைபேசியைப் பிடித்து, பேசுவதைப் பதிவும் செய்யச் சொன்னேன். ஹோல்ராய்டுக்குப் பின்னால் பண்டிகை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நல்ல மனநிலையில் இருந்தார். அதைப் பார்த்ததும் வேறு நாள் பேசலாமே என்று தோன்றியது. லுவோ என் முழங்காலில் உதைத்தாள்.

முதலில் மேசையைக் காட்டினேன். பின்பு உருளையை. பின்பு அலமாரியில் வெடித்து நின்ற வரிசையையும் வெடிக்காத வரிசையையும் காட்டினேன். இது அடுப்பில் நடக்கவில்லை, இந்த மேசையில், இந்த உருளையால் நடந்தது. இதை வாங்கியவன் நான் என்று சொன்னேன். உன் ஜூலையையும் சொன்னேன், சுருக்கமாக. பேசிக்கொண்டிருக்கும்போது என் கை தானாக எழுந்து என் நெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தது. பதிவில் பார்த்தபோதுதான் அதைக் கவனித்தேன்.

அவர் அந்த இரண்டு வரிசையையும் இன்னும் பக்கத்தில் காட்டச் சொன்னார். பிறகு, "அப்படியானால் அந்த அடுப்புக்காரர் ஒரு தவறும் செய்யவில்லையா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"அவரை வேலையிலிருந்து எடுக்கச் சொன்னவன் நான்தானே? அவர் பெயர் என்ன?"

பியான் யோங்சாய் என்றேன். அவர் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. மறுபடி சொன்னார். லுவோவால் சிரிப்பை அடக்க முடியாமல் கைபேசி ஆடியது. மூன்றாவது முறை ஏதோ வந்தது. அதன் பிறகு கேமராவைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லி, மன்னிக்க வேண்டும் என்றார்.

அதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்காதே. வசந்த ஆர்டரில் மூன்றில் ஒரு பங்குதான் தந்திருக்கிறார். மீதியை வேறு ஊரில் முயன்று பார்க்கப்போகிறாராம். கோடைக்குள் ஒரு விரிசலும் வராவிட்டால் திரும்ப யோசிப்பாராம். விரல் வெட்டுப்பட்ட பெண்ணிடம் தானே நேரில் போய்ச் சொல்வதாகவும் சொன்னார். கிடங்கின் பாதியைப் பக்கத்துக் கடைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறேன். லுவோ இருக்கிறாள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். "மொதல்ல எனக்கு மூங்கில் குச்சி வாங்கிக் குடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. என் பெயரைத் திறந்தால் அனுப்புகிறேன். திறக்காவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததை எழுதிவிட்டேன்.

உருளையை இந்தப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். இங்கே இருந்தால் என்றாவது யாராவது எடுத்து எதிலாவது விட்டுப் பார்ப்பார்கள். சிப்பியும் இருக்கிறது.

மிங்ஷான்


ஹெஜியான்
6 ஜனவரி 2024

மிங்ஷானுக்கு,

உன் பெயரைத் திறந்தேன், பதிவு வந்தது. பதிலைப் பெட்டியிலேயே அனுப்புகிறேன், பழகிவிட்டது.

கடையில் கூட்டம் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பட்டறையில் அன்று இருந்த ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கொரு ரொட்டி வாங்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி நின்றோம். கைபேசியை மாவு டப்பாமேல் சாய்த்து வைத்தேன். நீ பேசியது யாருக்கும் புரியவில்லை; உன் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். உன் கை உன் நெஞ்சில் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் பேசத் தொடங்கினார்.

"யார இப்படிக் கூப்பிடறான்?" என்றார் உன் அத்தான்.

"உங்களத்தான்."

"என் பேரா அது? நல்லாவே இல்ல." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ போடு."

மூன்று முறை போட்டோம். அவருடைய தம்பிக்காரர் அந்த உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு இப்போது அவரை அப்படியே கூப்பிடுகிறார்.

மறுநாள் நான் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. ரொட்டிக் கடைக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்தேன். பட்டறைப் பக்கம் நாய் குரைத்தது. போய்ப் பார்த்தால் அடுப்பின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் பாதி ஆறி நின்ற சரக்கு, புது ஆள் வெளியே எடுத்து ஓரமாக வைத்த தட்டில் இன்னும் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஃபிலிமில் பார்த்து, நிறம் தெரிந்ததை எல்லாம் உடைத்துத் தொட்டியில் போட்டார். தீமுனைப் பக்கம் நான் உட்கார்ந்ததும், "தீ" என்றார். குறைத்தேன்.

எரிவாயு ஒப்பந்தத்துக்குக் கெடு முடிந்திருந்தது. அலுவலகத்தில் கெஞ்சி வாங்கினேன், பாதி அளவுக்குத்தான். மூன்றில் ஒரு பங்கு ஆர்டருக்கு அது போதும்.

உன் உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல கடைசல் என்றார். கைப்பிடியில் துளை இருக்கிறது அல்லவா, கையுறை தொங்கிய ஆணியில் இப்போது அது தொங்குகிறது.

சிப்பி நேற்று சமைத்தேன். சாப்பிடும்போது, தெற்கே மூங்கில் கெட்டியாக இருக்கும், இங்கே சந்தையில் கிடைப்பது பிளக்கிறது என்றார். நீ பிப்ரவரியில் நம் புத்தாண்டுக்கு வரும்போது நான்கு குச்சி கொண்டுவர வேண்டுமாம். உன் மேசைக்கு இரண்டு, நமக்கு இரண்டு. அளவுக்கு அவரே இங்கே சீவிக்கொள்வார். நீ சீவ வேண்டாம்.

குய்லிங்